ரோஸ் நிற வேகத்தடை

போன வாரம் நான் பறந்தேன். விமானத்தில் அல்ல... என் மோட்டார் சைக்கிளில், எங்கள் தெருவின் புதிய வேகத்தடைக்கு மேலால்!

கடற்கரைப் பக்கம் பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் சீறுகிறார்கள், பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்று பிரதேச சபை, பொலிஸ், பள்ளிவாசல் நிர்வாகம் மூன்றும் சேர்ந்து பாதுகாப்புக் குழு அமைத்தன. நானும் ஓர் அங்கத்தவன். பத்தி எழுதுகிறவனைச் சும்மா விடுவார்களா? கூட்டத்துக்குக் கூட்டம் ரோல்ஸும் பிளேன்டீயும். கடைசியில் தாரில் ஒரு வேகத்தடை எழும்பியது. ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தி, படமும் எடுத்தோம்.

ஆனால் அதற்கு வெள்ளைக் கோடு போடுவது யார்? சபை பொலிஸைப் பார்த்தது. பொலிஸ் பள்ளிவாசலைப் பார்த்தது. பள்ளிவாசல் சபையைப் பார்த்தது. கறுப்பு ரோட்டில் கறுப்புத் தடை – வேகமாக வருகிறவனுக்கும் தெரியாது, மெதுவாக வருகிறவனுக்கும் தெரியாது.

பறந்து விழுந்ததில் எனக்கு முழங்கையில் சிராய்ப்புத்தான். பின்னால் இருந்த மகள் ஹஸ்னாவுக்கு நெற்றியில் தையல். வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களும் அந்தக் குழுவிலதானே இரிக்கிங்க? ரோல்ஸ் திண்டது காணாதா?"

"அடுத்த கூட்டத்தில கதைக்கிறன்..."

"கதைங்க, கதைங்க. அதுக்குள்ள இன்னொரு புள்ள விழட்டும்!"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல.

பெருநாளுக்குப் பெயின்ட் அடிக்காத வீடு எங்கள் தெருவில் உண்டா? எல்லார் வீட்டிலும் வாளியின் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடக்கும். மறுநாள் விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டு வருகிறேன் – மனைவியும் எதிர்வீட்டு ராத்தாவும் பிரஷ்ஷோடு நடுரோட்டில் குந்தியிருக்கிறார்கள். வேகத்தடை முழுக்க எங்கள் சுவரின் ரோஸ் நிறம். ஓரமெல்லாம் ராத்தா வீட்டுப் பச்சை. கலியாண வீட்டுக் கேக் மாதிரி! அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எல்லாரும் பிரேக் பிடிக்கிறார்கள்.

மகள் விழுந்தபோது கூடாத குழு நேற்று அவசரமாகக் கூடியது. அரச வீதிக்கு அனுமதியில்லாமல் நிறம் பூசியது யார்? ஓர் அதிகாரி தெருவுக்கே விசாரிக்க வந்துவிட்டார்.

"இத யாரு பூசின?"

அவருக்குப் பின்னால் என் வீட்டுச் சுவர் ரோஸ் நிறத்தில் பளபளக்கிறது. முன்னால் ராத்தா வீடு பச்சைப் பசேல் என்று நிற்கிறது.

"தெரியா சேர்!" என்றது தெரு முழுக்க, ஒரே குரலில். நெற்றிக் கட்டோடு ஹஸ்னாவும் சொன்னாள். குழு அங்கத்தவனான நானும் சொன்னேன்.

கூட்டு முயற்சி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!