அத்தானின் சிடி தட்டு

என் அக்காவுக்குப் புகை என்றாலே ஆகாது. பழைய கணினிகளைப் பிரித்தெடுக்கும் கொட்டகையில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. தெருவோரம் வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், வறுத்தெடுத்துவிடுவாள். "அந்தப் புகை எந்தப் பிள்ளை நெஞ்சுக்குள்ள போகுதுன்னு யோசிச்சானா?" எங்களிடம் வயரை உரித்துத்தான் எடுக்க வேண்டும். பேட்டரி தனி, பச்சைப் பலகை தனி, கண்ணாடி தனி.

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் காற்றுக்குழாயால் தூசியை ஊதிவிடுவோம். அக்கா ஊதமாட்டாள். முதலில் தூசியைப் பார்த்து அந்த வீட்டின் ஜாதகத்தையே சொல்வாள். பூனை வளர்க்கிறார்கள், பிஸ்கட் தின்றுகொண்டே தட்டச்சு செய்கிறார்கள் என்று. உள்ளே மஞ்சளாகப் பிசுபிசுத்தால், "சிகரெட்டு வீடு" என்று முகத்தைச் சுளிப்பாள். கையோடு பெருமையும் கிளம்பும்: "எங்க வீட்டுக்காரரு பொண்ணு பொறந்த அன்னைக்கு விட்டாரு. அப்புறம் தொட்டதே இல்ல." எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம்.

அத்தான் தவறிப்போன பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அவள் அழவும் இல்லை. யாராவது அவரைப் பற்றி எடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். அவருடைய கணினி மட்டும் உள்ளறையில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. சாப்பிட்ட கையோடு அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஜன்னல் திறந்திருக்கும், பெட்டிக்குள் விசிறி முனகும். மகள் பாட்டு சிடி போடக் கேட்டால், "தட்டு சிக்கிருச்சு கண்ணு, தொடாத" என்பார். அந்த வீட்டை நினைத்தால் எனக்கு இன்றும் அந்த முனகல்தான் முதலில் கேட்கிறது.

வீடு மாறும்போது மகள், "பழைய சாமான்காரர்கிட்ட போட்டுரலாம்மா" என்றாள்.

"கொளுத்திருவாங்க. உங்கப்பா பெட்டிய புகையா விடச் சொல்றியா?"

புது வீட்டிலோ இடமில்லை. அதிலிருந்த படங்களையெல்லாம் மகள் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டாள். கடைசியில் அக்காவே ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். மேசையில் வைத்தவளுக்குத் திருப்புளியை எடுக்கக் கை வரவில்லை.

"நான் பிரிக்கட்டுமாக்கா?"

"வேணாம். இதையும் பிரிச்சுட்டா அவருன்னு சொல்ல எனக்கு என்னடி மிச்சம்?"

திருப்புளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவளே மூடியைக் கழற்றினாள்.

உள்ளே ஒரே மஞ்சள், பிசுபிசுவென்று.

அந்த மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே அவள்தான். அக்கா, சிக்கிய தட்டை எடுக்க நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோல, முன்பக்கத்துச் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தினாள். தட்டு எங்கேயும் சிக்கவில்லை. வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. அதில் சாம்பல், ஓரத்தில் நசுக்கிய சிகரெட் துண்டுகள்.

"அட பாவி மனுஷா!" என்று கத்தினாள் அக்கா. "இதுதான் சிக்கின தட்டா? ஊரெல்லாம் உன் பெருமைய பேசிட்டுத் திரிஞ்சேனே! கதவச் சாத்திக்கிட்டு, ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு... பெத்த பொண்ணுகிட்டயே பொய்யா?"

மூக்கு ஒழுகியது, சிரிப்பும் வந்தது, திட்டு மட்டும் நிற்கவில்லை. அத்தான் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதுபோல அந்தத் தட்டைப் பார்த்தே திட்டினாள். அவர் போனதிலிருந்து அவள் அவரோடு பேசி அன்றுதான் கேட்டேன்.

அடுத்த மேசைக்காரர் காற்றுக்குழாயை நீட்டினார். "ஊதிரட்டுமாக்கா?"

"இருங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இன்னும் திட்டி முடிக்கல."