அப்பா நுயென் ஆனது

போன சனிக்கிழமை, டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்தில் எங்கள் தோட்டத்தைக் காலிசெய்ய வந்திருந்தவர்கள் அப்பா, நான், ஓல்போர்க்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்த லின், தோட்டச் சங்கத் தலைவர் பென்ட். அம்மா முழங்கால் நோவென்று வீட்டிலேயே தங்கிக்கொண்டு, எங்கள் நாலு பேருக்கும் பதினாலு பேருக்குக் காணுமளவு சாப்பாடு கட்டித் தந்திருந்தார். வராதவர் துவான் மாமா. லின்னின் தகப்பன், அப்பாவின் சிநேகிதர். போன மாரிக் குளிரில் காலமாகிவிட்டார்.

மழைத் தண்ணீரைத் தேக்குவதற்கு நகரசபைக்கு அந்த நிலம் வேண்டுமாம். நிலத்தை வெறும் நிலமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூட்டின் பின்பக்கம் நான் மண்வெட்டியைப் போட்டதும் ஒரு மணம் எழும்பியது பாருங்கள், பச்சை மீன் மணம். மீன் ஒன்றும் அங்கே இல்லை. வெற்றிலையைச் சின்னதாக்கியது போன்ற ஓர் இலைதான். வியட்நாம்காரர் அதைப் பச்சையாகவே தின்பார்கள். துவான் மாமா முதன்முதல் ஒரு பிடி கொண்டுவந்து தந்தபோது, அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இதைப் பூனைக்கெல்லோ குடுக்கவேணும்" என்றார். பிறகு அதே அம்மா அதைப் பருப்புக்குள் போட்டுக் காய்ச்சினார். நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மணம் வந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

இரண்டு பேரும் பழகியது பன்றி இறைச்சித் தொழிற்சாலையில். அப்பா ஊரில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். துவான் மாமா கடலில் படகு கவிழ இருந்த நேரத்தில் ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிவந்த ஆள். அருகருகே நின்று கத்தி பிடித்தார்கள். அவர்களுக்குப் பொதுவான மொழி டேனிஷ். அவர்கள் பேசிய டேனிஷில் இறந்தகாலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. அவர்கள் பேச்சென்று நான் இங்கே எழுதுவதெல்லாம் அந்த டேனிஷை எங்கள் வீட்டுப் பேச்சில் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பெயர்க் கதை சொல்லாமல் போகமுடியாது. அப்பாவின் பெயர் சிவராசா. தாத்தாவின் பெயர் வல்லிபுரம். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டு வல்லிபுரம் சிவராசா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். டென்மார்க்கில் முதலில் இருப்பது ஆளின் பெயர், கடைசியில் இருப்பது குடும்பத்தின் பெயர். ஆகவே தொழிற்சாலை முழுக்க அப்பாவை "வல்லிபுரம்" என்று கூப்பிட்டது. கொஞ்ச நாளில் நாக்கு நோகுதென்று "வல்லி" ஆக்கிவிட்டார்கள்.

"என்ர அப்பரை நான் ஒருநாளும் பேர் சொன்னதில்லை. இஞ்ச வந்து நாள் முழுக்க அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்கிறன்" என்று அப்பா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

துவான் மாமாவின் முழுப்பெயர் நுயென் வான் துவான். அவர்கள் வழக்கத்திலும் குடும்பப் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் கடைசியில். பெயர் பதிந்த கந்தோரில் அதே தலைகீழ் வேலை நடந்தது. அவரை எல்லோரும் "நுயென்" என்றார்கள். உடுப்பு மாற்றும் அறையில் மூன்று வியட்நாம்காரர். போர்மன் வாசலில் நின்று "நுயென்!" என்று கத்தினால் மூன்று பேரும் திரும்புவார்கள். மூன்று பேருக்கும் ஒருவரோடொருவர் ஒரு சொந்தமும் இல்லை. அண்ணன் தம்பிமார் என்றே தொழிற்சாலை நினைத்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியிருக்கிறது. துவான் மாமா தன் அடையாள அட்டையில் கடைசிச் சொல்லில் விரலை வைத்துக் காட்டினார். அப்பாவும் தன்னுடைய அட்டையில் கடைசிச் சொல்லில் விரலை வைத்தார். அன்றைக்கிருந்து அப்பா அவருக்கு "சிவா", அவர் அப்பாவுக்கு "துவான்". அந்தப் பெரிய கட்டடத்தில் ஒருவரையொருவர் சரியான பெயரில் கூப்பிட்டது அவர்கள் இரண்டு பேரும்தான். வீட்டிலும் அப்பாவைப் பெயர் சொல்ல ஆளில்லை. அம்மா "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி.

அப்பா "நுயென்" என்பதையும் சரியாகச் சொல்வார். தொண்டைக்குள்ளிருந்து ங-வில் தொடங்கும் சத்தம் அது. டேனிஷ்காரர் வாயில் சப்பென்று போய்விடும். "மூண்டாம் வகுப்பு மட்டும் படிச்சதில ஙாவுக்கு ஒரு வேலையும் இருக்கேல்லை. இப்பதான் அதுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்பார்.

எங்கள் வீட்டில் மேலே படிக்கப் போன முதல் ஆள் நான். நான் புத்தகத்தை விரித்தால் அம்மா தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைப்பார், அப்பா தும்மலை அடக்குவார். அவ்வளவு மரியாதை எனக்கே கூச்சம். உயர்தர வகுப்பில் பெரிய கட்டுரை ஒன்று எழுதவேண்டி வந்தபோது, உலகத்தைத் திருத்தும் தலைப்பு ஒன்றைத்தான் தேடினேன். கடைசியில் நுயென் என்ற பெயரை எடுத்துக்கொண்டேன். கைக்கெட்டிய தூரத்தில் பேட்டி காண ஒரு நுயென் இருந்தார் என்பதே உண்மையான காரணம்.

வாசித்ததில் பாதி மறந்துபோனது. மறக்காததைச் சொல்கிறேன். அந்தப் பெயர் சீனத்திலிருந்து இறங்கியது. சீன எழுத்தில் அது பழைய காலத்துச் சின்ன ராச்சியம் ஒன்றின் பெயர். வட்டக் குடம் வைத்த ஒரு தந்தி வாத்தியத்துக்கும் அதே எழுத்துத்தான். வியட்நாமில் இன்றைக்குப் பத்துப் பேரில் ஏறக்குறைய நாலு பேர் நுயென். அவ்வளவு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா என்றால் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் லீ வம்சத்தை விழுத்தி வந்த புது அரசர்கள், லீ என்று இருந்தவர்களையெல்லாம் நுயென் ஆகச் சொன்னார்கள். பிறகு விழுந்த வேறொரு வம்சத்தின் ஆட்கள் தலை தப்ப நுயென் ஆனார்கள். பிறகு நுயென் என்ற பெயரிலேயே அரசர்கள் வந்தார்கள்; அப்போது சலுகைக்காகச் சிலர் ஆனார்கள். ஆற்றில் ஓடை விழுவது போல ஆட்கள் அந்தப் பெயருக்குள் விழுந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் துவான் மாமாவின் குசினியில் வாசித்துக் காட்டினேன். அவர் மிளகாய் அரிந்துகொண்டு கேட்டார்.

"ராச்சியமோ? வாத்தியமோ? எனக்கு அது என்ர அப்பான்ர பேர். அவ்வளவுதான் தெரியும்."

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் டென்மார்க்கைப் பற்றியும் எழுதினேன். இங்கே ஒரு குடும்பப் பெயரை வைத்திருப்போர் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டினால் சட்டத்தில் அதற்குக் காவல் இல்லை. யாரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் யென்சன் போல நுயெனும் அந்தத் தொகையைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. ஆசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "இது ஏன்?" என்று சிவப்பால் கேட்டிருந்தார். ஏனென்று எனக்கும் அப்போது தெரியாது.

தோட்டத்துக்கு வருகிறேன். நகரத்து விளிம்பில் சங்கம் வாடகைக்கு விடும் காணித் துண்டு அது. எடுத்தது துவான் மாமா. கேட்டில் தொங்கும் பலகையிலும் சங்கத்துப் புத்தகத்திலும் வெறும் நுயென் என்றே இருந்தது. உழைப்பு இரண்டு பேருடையது. ஞாயிறு காலை இரண்டு சைக்கிள் போகும். இந்தப் பக்கம் கொத்தமல்லியும் வெந்தயமும் பச்சை மிளகாயும், அந்தப் பக்கம் மீன் மணக்கும் இலையும் பூசணியும். முருங்கை நட்டு ஒவ்வொரு மாரியிலும் சாகவிட்டார் அப்பா. "இது உன்ர மரமில்லை சிவா, உன்ர பிடிவாதம்" என்பார் துவான் மாமா. தொழிற்சாலையில் அப்பா ஓர் இலக்கம், வீட்டில் தமிழ் விளங்காத மாதிரி நடிக்கும் பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தத் துண்டில்தான் அவர் சீட்டியடித்து நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு துவான் மாமாவின் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டது. ஓல்போர்க் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, லின் இருக்கும் இடத்துக்கே போய்விடுவதென்று முடிவானது. தோட்டம் என்னாவது? சங்கத்தின் விதி: குடும்பத்துக்குள் கை மாற்றலாம்; இல்லையென்றால் காத்திருப்போர் வரிசைக்குப் போகும். வரிசை நீளம். லின்னுக்குத் தோட்டத்தில் விருப்பமில்லை. அப்பாவின் முகம் அந்த வாரம் முழுக்க வெளிச்சமில்லாமல் கிடந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பக்கத்துத் துண்டு முந்தி ஒரு நுயென்ர" என்று ஒருநாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு துவான் மாமா சொன்னார். "அவன் போக இன்னொரு நுயென் வந்தான். ரெண்டு பேருக்கும் என்ன சொந்தம்? ஒண்டுமில்லை. பேரைப் பாத்திட்டுக் குடுத்திட்டாங்கள். நீயும் நுயென் ஆகு, சிவா. எங்கட நாட்டில அரைவாசிப் பேர் இப்பிடி ஆனவங்கள்தான். தம்பி எழுதியிருக்கிறான்தானே!"

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உன்ர கட்டுரையில ஏதோ சட்டம் எண்டு எழுதினனியே. அது மெய்யோ?"

"மெய்தான். ஆனா ஏன் அப்பா?"

"சும்மா."

இந்த நாட்டில் பெயர் மாற்றும் வேலை தேவாலயக் கந்தோரில் நடக்கிறது. ஒரு சைவக்காரர், பௌத்தர் ஒருவரின் பெயரை, லுத்தரன் கோயிலில் போய் எடுத்தார். அங்கிருந்த பெண்மணி மிகவும் நல்லவர். கலியாணமா என்று கேட்டார். "இல்லை, தோட்டம்" என்றார் அப்பா. அந்தப் பெண்மணி அதையும் குறித்துக்கொண்டார்.

விண்ணப்பத்தைக் கணினியில் நான்தான் நிரப்பினேன். குடும்பப் பெயர் இடத்திலிருந்த சிவராசாவை அழித்தால்தான் நுயென் ஏறும். அழித்தால் அப்பா வல்லிபுரம் நுயென்: தகப்பன் பெயர் பாதி, சிநேகிதன் குடும்பப் பெயர் பாதி. அவருடைய சொந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

"நடுவில சிவராசாவைப் போடலாம், அப்பா. அதுக்கு இடமிருக்கு."

அப்பா திரையில் அந்த மூன்று பெயரையும் விரலால் அளந்து பார்த்தார்.

"வேண்டாம். கேட்டில தொங்குற பலகை சின்னன். அந்தப் பேர் உன்னட்டை இருக்குத்தானே, அது காணும்."

இருக்கிறது. நான் சிவராசா. தகப்பன் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயர். என் விஷயத்தில் மட்டும் இரண்டு நாட்டு வழக்கமும் ஒத்துப்போனது.

அம்மாவுக்குச் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப ஆரும் உங்கட மனுசன்ர பேர் என்ன எண்டு கேட்டா நான் சொல்லலாம் போல. அது இவரின்ர பேரில்லைத்தானே!" அன்று பின்னேரமே "நுயென், சோறு ஆறுது!" என்று கூப்பிட்டார். கலியாணம் கட்டியதிலிருந்து அம்மா அப்பாவை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா வெட்கப்பட்டதைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள்.

கை மாற்றும் நாளில் நானும் போனேன், மொழிபெயர்க்க. சங்கத்து அறையில் அப்பாவும் துவான் மாமாவும் நல்ல சேட்டுப் போட்டு அருகருகே இருந்தார்கள். அப்பா நெடுவல், கறுவல், நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. துவான் மாமா அவருடைய தோள்மட்டம். பென்ட் கடதாசியைப் பார்த்தார். நுயென். மற்றக் கடதாசியைப் பார்த்தார். நுயென். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"சகோதரங்களோ?"

மொழிபெயர்க்க நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

"ஓம்" என்றார் அப்பா.

பென்ட் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். அந்தத் துண்டில் இரண்டு பேரையும் எத்தனையோ வருடமாக ஞாயிறுதோறும் பார்த்து வந்தவர் அவர்.

"பாத்தாலே தெரியுது" என்றுவிட்டுக் கோப்பி ஊற்றப் போனார்.

அதற்குப் பிறகு ஓல்போர்க்கிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசி வரும். "சிவா, என்ர இலை இருக்கோ?" என்பதுதான் முதல் கேள்வி. அப்பா போனைச் செடிக்குக் கிட்டப் பிடிப்பார், அவர் மோந்து பார்ப்பார் என்ற நினைப்பில். இப்போது அந்தத் தொலைபேசி இல்லை. "சிவா" என்று கூப்பிட இனி ஆளும் இல்லை. லின் அப்பாவைத் தன் மொழியில் சித்தப்பா முறை சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

சனிக்கிழமை பின்னேரம் கண்ணாடிக் கூடு லொறியில் ஏறியது. லின் இலையில் ஒரு பிடி வேரோடு பையில் போட்டுக்கொண்டாள். அப்பா கேட்டிலிருந்த பலகையைத் திருகாணி கழற்றி எடுத்து, மண்ணைச் சேட்டு நுனியால் துடைத்தார். தோட்டத்துக்காகத்தானே அந்தப் பெயர். நான் கைப்பேசியை எடுத்தேன்.

"அப்பா, இனிப் பழையபடி சிவராசா எண்டு மாத்திவிடட்டோ? பத்து நிமிச வேலை."

"ஏன்? துவான் போயிட்டான். லின்னுக்கு முதல் கந்தோர்க்காரன் குடும்பப் பேர் துவான் எண்டு எழுதினான், இப்ப கலியாணம் கட்டி அவள் யென்சன். அந்த வீட்டுப் பேரை வைச்சிருக்கிறதுக்கு வேற ஆர் இருக்கினம், என்னை விட்டா?"

வழியில் காருக்குள் பலகை அவர் மடியில் கிடந்தது. கார் பள்ளத்தில் விழுந்து ஏறும்போது கையால் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து நான் கணக்குப் பார்த்தேன், பழக்கதோஷம். பெயர் மாற்றக் கட்டிய காசு, புதுக் கடவுச்சீட்டு, புதுச் சாரதி அட்டை, அந்தச் சின்னப் பலகை, கடைசியாக லொறிக்காரருக்குக் கொடுத்தது. எல்லாம் சேர்த்து நாலாயிரத்து முன்னூறு குரோனர்.