மடிப்புக் கலையாத பக்கங்கள்

சுக்ரே நகர மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நெல்வா கொண்டோரிக்கு இருபத்தாறு வருட வேலை. கல்லூரி இதழுக்கு டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளின் மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அதனாலேயே டாக்டர்கள் மேல் இருந்த மரியாதை அவளுக்கு எப்போதோ போய்விட்டது.

பத்து மணிப் பலகாரமான, கறி அடைத்த சால்தேனாவைக் கடித்தபடி டாக்டர் உரியோஸ்தே வந்தார். ஒரு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லும் அவர் கட்டுரையில் நாற்பத்துமூன்று மேற்கோள்கள். பதினேழாவது, 1931-இல் ஒரு பழைய இதழில் வந்த கட்டுரை.

"இதப் படிச்சீங்களா டாக்டர்?"

"படிக்காம போடுவனா நெல்வாம்மா? இங்கயேதான் உக்காந்து படிச்சேன்."

அவள் அந்த இதழை எடுத்து வந்தாள். அந்தக் காலத்தில் தாளை மடித்தபடியே தைத்து அனுப்பிவிடுவார்கள். படிக்கிறவர்தான் ஓரத்தைக் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும். அந்தக் கட்டுரையின் பக்கங்கள் இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"கண்ணுலயே எக்ஸ்ரே வச்சிருக்கீங்க போல" என்றபடி அவளே கீறிப் பிரித்துப் படித்தாள். "மருந்து வேலையே செய்யலன்னுல்ல இவரு எழுதியிருக்காரு."

டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வேலை செஞ்சுதுன்னு எழுதின யாரையாவது பாத்துப் போட்டுடுங்களேன்."