முகூர்த்தப் புடவையும் என் நைனாவும்

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போனில் ஒரு கட்டுரை படித்தேன். மன உளைச்சல் இல்லாமல் கல்யாணப் புடவை எடுப்பது எப்படி என்று. குறைவான ஆட்களோடு போங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நிறத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள், கடையில் யார் என்ன சொன்னாலும் சிரித்த முகமாக இருங்கள். எழுதிய புண்ணியவதி எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாமல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன்.

நிறத்தை நான் முடிவு செய்து பல வருடம் ஆகியிருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அதற்கு ஒரே தடை, நான் கறுப்பு. மாநிறம் என்று பூசி மெழுகுகிற கறுப்பு இல்லை, என் நைனாவின் அசல் கறுப்பு. நான் பிறந்தபோது எங்கள் ஊரான பாலசமுத்திரத்தில் என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "அப்பன் கலரு வந்துடுச்சே" என்று அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து என் உடம்பில் பளிச்சென்று ஒரு துணி பட்டதில்லை. கறுப்புக்கு மஞ்சள் எடுக்காது, பச்சை எடுக்காது, சிவப்பு எடுக்கவே எடுக்காது. பள்ளிக்கூட ஆண்டு விழா முதல் நிச்சயதார்த்தம் வரை சோப்பு நுரை நிறத்திலேயே காலம் தள்ளினேன். முகூர்த்தத்துக்காவது மஞ்சள் கட்ட வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

எங்களில் முகூர்த்தப் புடவையை எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. அவர்கள் சித்தூர் டவுனில் இருக்கிறார்கள். அங்கேயிருந்து என் வருங்கால மாமியார் வந்தார், அவரை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். கூடவே அவருடைய அக்கா, அதாவது பெரியத்தை. எங்கள் பக்கம் அம்மா, நான், பை தூக்குவதற்கு நைனா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில் வருவதாக ஏற்பாடு. ஆக மொத்தம் ஐந்தே பேர். கட்டுரை எழுதியவர் பார்த்திருந்தால் எனக்குப் பரிசே கொடுத்திருப்பார்.

முதலில் திருச்சானூர் கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் கடை என்று அத்தை சொல்லிவிட்டார். தாயாருக்கு அன்றைக்கு என்ன நிறத்தில் புடவை சாத்தியிருக்கிறதோ அதே நிறத்தில் எடுத்தால் நல்லது என்று ஒரு யோசனையும் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் வரிசையில் பின்னால் இருந்தவர்கள் தள்ளிய தள்ளலில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நொடி. வெளியே வந்ததும் அத்தை பச்சை என்றார், அம்மா சிவப்பு என்றார், பெரியத்தை ரோஸ் என்று அடித்துச் சொன்னார். நான் கூசாமல் மஞ்சள் என்றேன். நைனாவைக் கேட்டதற்கு, "நான் கண்ண மூடிக்கினு இல்ல கும்பிட்டேன்" என்றார்.

வயிறு நிறைய வேண்டும் என்பதற்காக ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு பொங்கல், ஒரு வடை. அதோடு ஷேர் ஆட்டோவில் ஐந்து பேரும் அடைந்துகொண்டு திருப்பதிக் கடை வாசலில் இறங்கியபோது எனக்கு மூச்சு விடவே இடமில்லை. கடைக்குள் ஏசி. பட்டுப் பிரிவில் தரையில் வெள்ளை மெத்தை. நைனா ஒரு மூலையில் மூன்று பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அடுத்த நிமிடம் தூங்கிவிட்டார்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்" என்றதும் சேல்ஸ்மேன் ஒரே வீச்சில் புடவையை விரித்தார். நான் கனவு கண்டது அப்படியே மெத்தையில் கிடந்தது. அவர் அதை எடுத்து என் தோளில் போட வந்த நேரம் பெரியத்தை கூவினார்.

"நில்லுப்பா! முகூர்த்தப் பொடவைய முகூர்த்தத்துக்கு முன்ன பொண்ணு மேல போடக்கூடாது. எங்க வீட்ல அந்த வழக்கம் இல்ல."

சேல்ஸ்மேன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். திருப்பதியில் ஜவுளி விற்கிறவருக்கு எல்லா வீட்டு வழக்கமும் அத்துப்படி. "சரேம்மா, வேற யாருக்காவது போட்டுப் பாக்கலாம்" என்று அம்மாவைப் பார்த்தார்.

என் அம்மா நல்ல சிவப்பு. அவர் மேல் மஞ்சளைப் போட்டார்கள், அழகாக இருந்தது. பச்சை போட்டார்கள், அழகாக இருந்தது. மூட்டை கட்டுகிற சாக்கைப் போட்டிருந்தாலும் அழகாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் பெரியத்தை ஒரு வெளிறிய ரோஸ் புடவையைப் பொறுக்கி எடுத்து அம்மாவுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதான், இதான்! இதையே எடுத்துடலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மஞ்சள் உன் கலருக்கு எடுக்காதும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று கன்னத்தைத் தட்டினார். நானும் கட்டுரை சொன்னபடி சிரித்தேன். சிரித்த சிரிப்பில் தாடை வலித்தது.

அத்தை பில் போடச் சொல்ல வாயெடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் கட்டுரையாவது ஒன்றாவது.

"அம்மாவுக்கா கல்யாணம்? என் மேல போடக்கூடாதுன்னா என் கலர்ல இருக்கறவங்க மேல போட்டுப் பாருங்க. இந்தக் கடையில என் கலர்ல, என் ஒசரத்துல இருக்கறது ஒரே ஒருத்தர்தான்."

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். அங்கே நைனா லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். பெரியத்தை உண்மையாகவே யோசித்தார். ஆண் மேல் போடக்கூடாது என்று அவர் வீட்டு வழக்கத்தில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் இதுவரை யாரும் கேட்டதில்லை. சேல்ஸ்மேனும் சிரிக்கவில்லை. நைனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "கரெக்ட்டு. சேம் கலர், சேம் ஹைட்டு" என்று எழுந்தார்.

அம்மா போய் நைனாவை உலுக்கினார். "எய்ந்திரிங்க. பொடவ கட்டணும்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

நைனா எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். கனவு என்று நினைத்திருக்க வேண்டும். "நைனா, எனக்காக" என்றேன். வேறொன்றும் கேட்காமல் எழுந்து வந்து, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கண்ணாடி முன்னால் நின்று, தையற்கடையில் அளவு கொடுப்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார்.

முதலில் ரோஸ். சேல்ஸ்மேன் மூன்றே நொடியில் கொசுவம் வைத்து, மாராப்பைத் தோளில் போட்டு, "சூடண்டி, பாருங்க!" என்று ஒதுங்கினார். நைனாவின் முகம் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிட்டது. மீசை மட்டும் தனியாகத் தெரிந்தது. அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, அத்தையால் அடக்க முடியவில்லை. பெரியத்தையே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

அடுத்தது மஞ்சள். கொசுவம், மாராப்பு, மூன்று நொடி. சேல்ஸ்மேன் ஒதுங்கினார்.

யாரும் சிரிக்கவில்லை.

மீசை, முள்தாடி, நெற்றியில் திருச்சானூர் குங்குமம், எல்லாவற்றோடும் நைனா ஜொலித்தார். வெயிலில் காய்ந்து காய்ந்து இறுகிய அந்தக் கறுப்பு மேல் மஞ்சள் அப்படி எடுத்தது. பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கும்பல் திரும்பியது. அதில் ஒரு அம்மாள், "அந்த ஸார் கட்டிக்கினு கீறாரே, அதே மாதிரி எங்களுக்கு ஒண்ணு காட்டுப்பா" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வீடியோ கால். அத்தை போனை நைனா பக்கம் திருப்பினார். திரையில் மாப்பிள்ளையின் முகம் அப்படியே உறைந்து நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தோம். பிறகு மெதுவாக, "மாமா... பாகுந்தி மாமா, நல்லா இருக்கு" என்று ஒரு குரல். நைனா மரியாதையாகத் தலையசைத்தார், மாராப்பு சரியாமல்.

இப்போது அத்தை, "இன்னாக்கா, எப்படி கீது?" என்று பெரியத்தையைக் கேட்டார். பெரியத்தை வாயைத் திறந்தார். கறுப்புக்கு மஞ்சள் எடுக்காது என்ற வாக்கியம் உதடு வரை வந்தது, நான் பார்த்தேன். என் முகத்துக்கு நேரே எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் நிற்பது சம்பந்தி. அண்ணா என்று கூப்பிடுகிற ஆள். பெண்ணைக் கொடுக்கிற மனிதரை மாப்பிள்ளை வீட்டார் நட்ட நடுக் கடையில் கறுப்பு என்று சொல்ல முடியுமா?

"அண்ணாவுக்கு... நல்லாத்தான் எடுக்குது" என்றார்.

"அப்போ எனக்கும் எடுக்கும் இல்ல பெரியத்தே?" என்று பாய்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், தப்பிக்க வழி இல்லை. "எடுக்கும், எடுக்கும்" என்று தலையாட்டினார். அத்தை மஞ்சளுக்கே பில் போடச் சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமே இல்லாமல் துடைத்துக்கொண்டேன்.

சேல்ஸ்மேன் புடவையை வாங்க நைனாவிடம் போனார். நைனா நகரவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகச்சவரம் செய்யும்போது கன்னத்தை மட்டும் பார்ப்பார், அவ்வளவுதான். இப்படித் தலையிலிருந்து கால்வரை அவர் தன்னைப் பார்த்து நான் கண்டதே இல்லை.

"இன்னாங்க, கயட்டிக் குடுங்க, பில்லு போடணும்" என்றார் அம்மா.

நைனா கண்ணாடியில் என்னைத் தேடிப் பார்த்தார். "நீ பொறந்தப்ப அல்லாரும் என் கலரு வந்துடுச்சேன்னு சொன்னாங்க. என்னாலதான் இந்தப் பொண்ணுக்கு இப்படி ஆச்சின்னு நானும் இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். மாராப்பைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

சேல்ஸ்மேன் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். "ஸார், பொடவை..."

"இருப்பா" என்றார் நைனா. "இன்னும் கொஞ்சம் பாத்துக்கினு தரேன்."