பத்து நிமிஷ தூரத்தில் மகன் வீடு

போன வாரம் நானும் என் வீட்டுக்காரியும் சென்னைக்கு மகனைப் பார்க்கப் போனோம். வாசலில் நின்று, கை கூப்பி, "வாங்க... வாங்க..." என்று எங்களை வரவேற்றது மகன் இல்லை. மருமகளும் இல்லை. கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆமாம்... மகன் எங்களுக்கு ஹோட்டலில் ரூம் போட்டிருந்தான்.

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டீர்களாம். எங்கள் ஊர் தபால்காரர் சொன்னார். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். வாராவாரம் நான் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புகிறவர் அவர்தான். இந்த வாரம் பேனாவை மூடிவிட்டு, "இதையெல்லாம் எழுதணுமா பெரியவரே?" என்று கேட்டார். எழுதுங்க என்றேன். ஊருக்குள் சொன்னால் மகனுக்குக் கெட்ட பேர். உங்களிடம் சொன்னால் என்ன? நீங்கள் அவனைப் பார்க்கவா போகிறீர்கள்?

எதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகன் கோவிந்தன் போன வருஷம் சென்னையில் ஒரு அப்பார்ட்மெண்ட் வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் போகவில்லை. என் வீட்டுக்காரி குப்பம்மாவுக்கு அப்போது விடாத காய்ச்சல். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகன் புது வீடு போனால், பெற்றவள் அங்கே ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும். விடிந்ததும் அவள் கையால் அடுப்புப் பற்றவைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன சாமையில் ஒரு பானை பொங்க வேண்டும். அவ்வளவுதான். ஐயர் இல்லை, மேளம் இல்லை. நான் மண்சுவர் வைத்துத் தனிக்குடித்தனம் வந்தபோது என் அம்மா வந்து படுத்தாள். கூரை பாதிதான் வேய்ந்திருந்தது. அன்றைக்கென்று மழை வேறு. பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே தவிர, எழுந்து போகவில்லை.

ஒரு வருஷமாகக் குப்பம்மாவுக்கு இதே பேச்சு. ஒரே ஒரு ராத்திரி அவன் வீட்டில் படுக்க வேண்டும்.

அதற்குத்தான் போளூரில் பஸ் ஏறினோம். முழங்கால் வலியோடு, மடியில் ஒரு படி சாமை, காலடியில் ஒரு பலாப்பழம். பழம் பேத்திக்கு. ரித்திகா என்று பெயர். நாலு வயசு.

பஸ் ஸ்டாண்டுக்குக் கோவிந்தன் கார் கொண்டுவந்தான். வழியிலேயே சொல்லிவிட்டான்.

"நைனா... வூட்ல எடம் பத்தாது. ஒரு ரூம்ல உம் மருமவளோட அப்பா அம்மா கீறாங்க. இன்னொண்ணு எங்க ரூமு. ஹோட்டல்ல ஏசி, சுடுதண்ணி எல்லாம் இருக்கு. வசதியா இருக்கும். எங்க வூட்லேர்ந்து பத்தே நிமிஷம்தான். நாளைக்கு வூட்டுக்கு இட்டுனு போறேன்."

குப்பம்மா சாமை மூட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஹோட்டல் வாசலில் ஒரு பெட்டி. நம் பையை அதற்குள் தள்ளினால், உள்ளே இருப்பது டி.வி.யில் தெரியுமாம். பலாப்பழம் போனது. பின்னாலேயே, சேலைத் துணியில் சுற்றிய கத்தியும் போனது. காக்கிச்சட்டைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"பெரியவரே... இன்னா இது?"

"பலாப்பழம்ங்க."

"அது தெரியுது. அதும் பின்னாடி?"

குப்பம்மா முன்னால் வந்தாள். "ஏம்ப்பா, பலாப்பழத்த பல்லால கடிச்சா தொறப்பாங்க?"

அவர் சிரித்துவிட்டார். கோட்டு போட்ட பெண்ணும் சிரித்தாள். கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

ரூமைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைவெளேரென்று மெத்தை. சுவரில் ஒரு அட்டையைச் செருகினால்தான் லைட்டு, ஃபேன். குழாயைத் திருகினால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். அதைக் காலில் ஊற்றி ஊற்றி, குப்பம்மாவுக்கு வருஷக்கணக்கில் மடங்காத முழங்கால் கொஞ்சம் மடங்கியது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது. திறக்கிற மாதிரியே செய்யவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரம் ஆடுகிறது, இந்தப் பக்கம் ஒரு இலைச் சத்தம் கிடையாது.

காலையில் டிபன். நீளமான மேசையில் முப்பது பாத்திரம். கடைசியில், தனியாக ஒரு குட்டி மேசை. அதில் சாமை உப்புமா! பக்கத்தில் ஒரு சீட்டு வேறு நிறுத்தியிருந்தார்கள். உடம்புக்கு நல்லது என்று அதில் போட்டிருப்பதாகப் பரிமாறுகிறவர் படித்துச் சொன்னார். சாமைக்குச் சென்னையில் தனி மேசை கொடுத்து மரியாதை செய்கிறார்கள்... விளைவித்துக் கொண்டுவருகிறவனுக்குத்தான் பட்டணத்து வீட்டில் இடமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல வீடு. ஐந்தாவது மாடி. போனில் ஆர்டர் செய்த பிரியாணி வந்தது. மருமகள் நல்ல பெண், முகம் சுளிக்கிறவள் இல்லை. சாமையைக் கையில் வாங்கி, "ஐ... சாமையா அத்தை! டயட்டுக்கு ரொம்ப நல்லது" என்று டப்பாவில் கொட்டி மேல் அலமாரியில் வைத்தாள்.

டப்பா மேலே போவதையே குப்பம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹாலில் இருந்த சோபாவைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தாள்.

"கோவிந்தா... இன்னிக்கி ஒரு ராத்திரி இங்கியே இருக்கறன்டா. எனக்கு ஹால்ல ஒரு ஓரம் போதும்."

"எம்மா, உன்னத் தரையில படுக்க வெக்கவா நான் சம்பாரிக்கிறன்?"

"நீ பொறந்ததே தரையிலதான்டா."

"அத்தை, அங்க உங்களுக்கு ஹீட்டர் எல்லாம் இருக்கு. இங்க பாத்ரூம் வேற ஒழுகுது..." என்றாள் மருமகள்.

"நாளைக்குப் பாக்கலாம்மா" என்றான் அவன்.

வசதி என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள்... ஒருவரைத் தள்ளி வைப்பதற்கு அதைவிட மரியாதையான சொல் தமிழில் இல்லை. வெளியே போ என்றால் சண்டை போடலாம். உங்கள் வசதிக்குத்தான் என்று சொல்லுகிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

இறங்கி வரும்போது லிஃப்டில் அவன் பக்கத்து வீட்டுக்காரர் ஏறினார். எங்களைப் பார்த்துவிட்டு, "கெஸ்ட்டா சார்?" என்றார்.

"ஆமா சார்... ஊர்லேர்ந்து வந்திருக்காங்க" என்றான் கோவிந்தன்.

அவர் மேலே கேட்கவில்லை. இவனும் மேலே சொல்லவில்லை. அம்மா, அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மாடி இறங்குகிற நேரம்கூட ஆகாது. கீழே போய்ச் சேரும்வரை எல்லோரும் கதவு மேல் மாறிக்கொண்டே வந்த சிவப்பு நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஹோட்டலுக்கு வந்ததும் எனக்கு வந்தது கோபம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். படிக்க வெச்சது தப்பு, பட்டணத்துக்கு அனுப்புனது தப்பு என்று என்னென்னவோ. மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்த குப்பம்மா, ஒரு கட்டத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"யோவ். நீ பேசாத. ஆறு வயசுல அவன ஹாஸ்டல்ல உட்டுட்டு வந்தியே... அன்னிக்கி நான் அழுதப்ப நீ இன்னா சொன்ன?"

அவன் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடம் எங்கள் ஊரிலிருந்து அரை நாள் நடை. அவனைத் தோளில் வைத்துத்தான் தூக்கிப் போனேன். கடுக்காய் பொறுக்கி விற்று வாங்கின தகரப் பெட்டி ஒரு கையில். தோள்மேல் உட்கார்ந்து என் காதைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் கேள்வி. அங்கே கரடி வருமா? அங்கே பலா மரம் இருக்குமா? நீ எங்கே படுப்பே? அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வாத்தியார் நோட்டில் பெயர் எழுதினார். நான் கட்டைவிரல் வைத்தேன். பையன் என் வேட்டியைப் பிடித்தவன் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். "மூணு வேள சோறு குடுப்பாங்க. போத்திக்கக் கம்பளி குடுப்பாங்க. இங்க எல்லாம் கீது. நாளைக்கு வர்றேன்" என்றேன்.

நான் போனது சாமை அறுப்பெல்லாம் முடிந்த பிறகு. மூணு மாசம் ஆகியிருக்கும். ஓடி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. தூரத்தில் நின்று, விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

நல்லதற்குத்தான் விட்டேன். அவனும் நல்லதற்குத்தான் விட்டிருப்பான்... இல்லையா? தபால்காரரைக் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூமைக் கூட்ட ஒரு பெண் வந்தாள். செல்வி. எங்கள் ஊர்ப் பக்கம், கணியம்பாடிப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. உள்ளே வந்தவள் திகைத்து நின்றுவிட்டாள். குப்பம்மா மெத்தை விரிப்பை மடித்து, தரையைத் துண்டால் துடைத்து, பாத்ரூமையும் கழுவி வைத்திருந்தாள். இன்னொருத்தர் இடத்தில் தங்கினால் அப்படியே போட்டுவிட்டு வருவாளா?

"ஐயோ, இன்னாம்மா நீங்க! எங்க சூப்பர்வைசர் பாத்தா, கஸ்டமர வேல வாங்குனியான்னு என்னியத்தான் ஏசுவாரு."

"நீயும் கொஞ்ச நேரம் உக்காரேன் தாயி. பலாப்பழம் துண்றியா?"

மகன் வீட்டுக்குப் பழம் போகவில்லை. சம்பந்தியம்மாவுக்கு அந்த வாசனை ஆகாதாம். செல்விதான் கீழே சமையல்கட்டில் சொல்லி அறுத்து வாங்கி வந்தாள். தின்றுகொண்டே கேட்டாள்.

"பையன் வூடு எங்கங்க?"

"இங்கதான்... பத்து நிமிசம்" என்றாள் குப்பம்மா.

செல்வி மென்றதை நிறுத்தினாள். பிறகு அவளாகவே, "எங்க மாமியாரு வந்தா ஒரே ரூம்ல ஏழு பேரு படுப்போம்ங்க. யார் காலு யார் மேல கீதுன்னே தெரியாது. ராவெல்லாம் ஒரே சண்ட" என்று சிரித்தாள். எங்களைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள், பாவம். குப்பம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கோவிந்தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். மொட்டைமாடியில் நீச்சல்குளம். ரித்திகா குதித்த குதியில் குப்பம்மாவின் சேலை பாதி நனைந்துவிட்டது. அவள் குளத்து ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு, சுளை சுளையாக ஊட்டினாள். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே... அதற்காக அந்த ஹோட்டல்காரன் நன்றாக இருக்கட்டும். பிறகு ரூமில் குழந்தை குப்பம்மா மடியிலேயே தூங்கிவிட்டாள்.

"இங்கியே உட்டுட்டுப் போடா. காலையில வந்து தூக்கினு போ."

"காலைல சம்மர் கேம்ப் கீதும்மா" என்று தூக்கிக்கொண்டு போனான். நாளைக்கு வூட்டுக்கு என்று அன்று அவனும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எங்களுக்கு பஸ்.

திங்கட்கிழமை. கேம்ப்புக்குப் போகிற வழியில் எங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே அவன், இடுப்பில் குழந்தை. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ரித்திகா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"நானும் தாத்தா வீட்டுக்கு வரேன்... நானும் தாத்தா வீட்டுக்கு வரேன்..."

குப்பம்மாவைப் பார்க்க வேண்டுமே! முழங்காலாவது வலியாவது... கண்டக்டரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

"வாடி என் ராசாத்தி! டேய் கோவிந்தா, கொயந்தையக் குடுடா. ஒரு வாரம் வெச்சினு இருந்து நானே கொண்டாந்து உடுறன்."

குழந்தை பஸ்ஸைப் பார்த்தாள். வேகமாகத் தலையாட்டினாள். நாங்கள் வந்த ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்த பஸ் இல்ல பாட்டி. தாத்தா வீட்டுக்குக் கார்ல போலாம். அங்க... ஸ்விம்மிங் பூல் இருக்குமே... அந்த வீடு!"

அது தாத்தா வீடு இல்லை என்று சொல்லக் கோவிந்தன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

குப்பம்மா திரும்ப ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள், பஸ் கிளம்பியது. "அது மேல தப்பு இல்லய்யா. நம்மள அங்கதான பாத்துச்சு."

கண்டக்டர் வந்து, எங்கே போகணும் என்று கேட்டார். வீட்டுக்கு என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்... வரவில்லை.

"போளூர் ரெண்டு" என்றேன்.