கொல்ல மாட்டோம்னு ஆரம்பிச்ச தூக்குக் கூட்டம்

மைக் செட் தொழில்ல கஷ்டமான வேலை பாக்ஸ் தூக்கறது இல்ல, பேசறவங்கள நிறுத்தறது. நம்ம தங்க வயல் ஊர்ல மைக்க புடிச்சவன் லேசுல வுட மாட்டான். காதுகுத்துக்கு வாழ்த்த வந்தவன் உலக அரசியல் வரைக்கும் போய்ட்டுத்தான் எறங்குவான். அதனால கூட்டம் நடத்தறவங்களுக்கும் எனக்கும் ஒரு சாடை உண்டு. அவங்க காத சொறிவாங்க. நான் மிக்ஸர்ல சத்தத்த எறக்கிட்டு, "வயர்ல கோளாறுங்க"ன்னு பல்ல இளிப்பேன்.

போன வருசம் இங்க கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கூட்டம். ஆனந்தன்னு ஒரு ஆட்டோக்காரப் பையன வாய்த்தகராறுல ஒருத்தன் குத்திக் கொன்னுட்டான். கொன்னவன தூக்குல போடணும்னு கேக்கறதுக்காக, ஆனந்தனோட தாய்மாமன் செல்வராஜ் அண்ணன் ஏற்பாடு பண்ண கூட்டம் அது. மேடையில அவர் பக்கத்துல அவரோட அக்கா, ஆனந்தனப் பெத்த தாய் மரகதம்மா உக்காந்திருந்தாங்க.

அவங்க பௌத்தக் குடும்பம். கல்யாணமோ சாவோ, புதுவீடு போறதோ, எதுவானாலும் பஞ்சசீலம்னு புத்தரோட அஞ்சு உறுதிமொழிய சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. பழக்க தோஷம், செல்வராஜ் அண்ணன் இதுக்கும் அக்கா கைல மைக்க குடுத்துட்டாரு. மரகதம்மா சொல்லச் சொல்ல எல்லாரும் கைகூப்பி திருப்பிச் சொன்னாங்க. முதல் சீலமே எந்த உயிரையும் கொல்ல மாட்டேன்றதுதான். அஞ்சும் முடிஞ்சு கூப்பின கை எறங்கல, அதுக்குள்ள செல்வராஜ் அண்ணன் இன்னொரு மைக்ல, "கொலகாரன தூக்குல போடு"ன்னு ஆரம்பிச்சாரு. கூட்டமும் கூடவே கத்துச்சு. எனக்கு சிரிப்பு முட்டிக்கினு வந்துச்சு. ஆம்ப்ளிஃபையர் பின்னால குனிஞ்சிக்கினேன்.

மரகதம்மா மைக்க கீழ வெக்கல.

"இன்னாடா செல்வா, இப்பதான கொல்ல மாட்டேன்னு சொன்ன?"

"அக்கா, அது வேற, இது வேற. நாமளா கொல்லப் போறோம்? கவர்மெண்டு."

"கவர்மெண்ட கொல்லச் சொல்றது நீதான?"

கூட்டத்துல நாலு பேர் சிரிச்சிட்டாங்க. செல்வராஜ் அண்ணன் என்னப் பார்த்து காத சொறிஞ்சாரு. நானும் பழக்கத்துல விரல மிக்ஸர் மேல வெச்சிட்டேன்.

அப்போ அந்தம்மா கூட்டத்தப் பார்த்து பேசினாங்க. "எம்புள்ள போனதுலேந்து எனக்கு ஒழுங்கா சோறு எறங்கல. கொன்னவன் மேல எனக்கு கோவம் இல்லன்னு எவனும் நெனைக்க வேணாம். கைல கெடச்சா அறைவேன். அவன் ஜெயில்ல கெடக்கட்டும், நல்லா கெடக்கட்டும். ஆனா அவன தூக்குல போட்டா, அவனப் பெத்தவளும் என்னமாதிரி உக்காருவா. அத எம்புள்ள பேர சொல்லி பண்ணாதீங்க. தெனம் புத்தர் முன்னால சொல்ற வார்த்தைய இன்னிக்கு மாத்திட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட அவர் முன்னால நிப்பேன்?"

செல்வராஜ் அண்ணன் சொறிஞ்ச சொறியில காது தோலே உரிஞ்சிருக்கும். நான் சத்தத்த நல்லா ஏத்தி வுட்டேன். ஸ்டேஷன்ல பங்காருபேட்டை ரயிலுக்கு நின்னவங்ககூட திரும்பிப் பார்த்தாங்க.

அதுக்கு மேல அங்க எவனும் தூக்குன்னு வாயத் தொறக்கல. செல்வராஜ் அண்ணன் மேடைய வுட்டு எறங்கி நேரா எங்கிட்ட வந்தாரு.

"இன்னாபா, இன்னிக்கு மட்டும் வயர் நல்லா இருக்குதா?"

"ஒரு கோளாறும் இல்லண்ணே."

திட்டுவார்னு நெனச்சேன். திட்டல. திரும்பிப் போய், அக்கா பக்கத்துல உக்காந்து, சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

இந்த வேலைக்கு புதுசா வர்ற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பாக்ஸ், வயர், சத்தம் எல்லாம் தானா கத்துக்குவீங்க. பேசறத கொஞ்சம் காது குடுத்தும் கேளுங்க. இத்தினி வருசம் ஊருக்கே கேக்க வெச்ச நான், அன்னிக்குத்தான் ஒருத்தர் பேச்ச முழுசா கேட்டேன்.