பூனை தண்ணீர் கேட்டது

போன வாரம் என் தம்பி மகள் கயல்விழி போன் செய்தாள். கல்லூரியில் சமூகவியல் சொல்லிக் கொடுக்கிறாள்.

"பெரியப்பா, எனக்கு சீட் ஃபண்டிங் கிடைச்சிருக்கு!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி பதறிவிட்டாள். "சீட்டு கம்பெனியா? வேண்டாம்னு சொல்லுங்க, ஓடிருவானுங்க!"

அது வேறு சீட்டு, இது வேறு சீட் என்று விளக்கினோம். ஒரு ஆராய்ச்சி முளைக்குமா என்று பார்க்க முதலில் கொஞ்சம் பணம் தருவார்கள். முளைத்தால் மேற்கொண்டு தருவார்கள். விதைப் பணம். கொரோனா காலத்தில் அரசாங்கம் போட்ட உத்தரவுகளை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஆராயப் போகிறாளாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா பெரியப்பா?"

இருந்ததே... நானே அந்தப் பணத்தில் பஸ் டிக்கெட் எடுத்தவன்தானே!

அறுபதுகளின் கடைசி. மதுரையில் நானும் சரோஜாவும் ஒரே கல்லூரியில் ஆசிரியர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் காலரா வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அரசாங்கம் ஊசி போட்டது, கிணறுகளில் மருந்து கொட்டியது, சந்தைக்குத் தடை போட்டது. அப்படியும் சில ஊர்களில் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். ஏன்? இதைக் கண்டுபிடித்து வர ஒரு பல்கலைக்கழகம் எங்கள் பேராசிரியருக்குச் சிறு தொகை ஒதுக்கியது. அவர் எங்களை அனுப்பினார்.

கிளம்பும்போது ஒரே ஒரு விதி சொன்னார். "பாருங்க, கேளுங்க, எழுதுங்க. எதுலயும் தலையிடாதீங்க. தலையிட்டா அது ஆராய்ச்சி இல்ல."

நியாயம்தானே?

பரளச்சிக்குப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். திருச்சுழியில் பஸ் மாறி, முகமெல்லாம் கரிசல் புழுதியோடு இறங்கினோம். ஊரில் ஒரே ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் தங்கவேலு. கடைக்குப் பின்னாலேயே வீடு. கடை அடைத்திருந்ததால் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் மனைவி பொன்னுத்தாய் கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

சரோஜா கேள்விகளை ஆரம்பித்தார். "இந்த வீட்டுல யாருக்காவது வாந்திபேதி வந்திருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"வீட்டுக்காரர்?"

"சரக்கெடுக்க டவுனுக்குப் போயிருக்காக."

உள்ளே ஒரு முனகல் கேட்டது.

"பூனை" என்றார் பொன்னுத்தாய்.

கொஞ்ச நேரத்தில் பூனை, "பொன்னுத்தாயி... தண்ணி..." என்றது.

நான் சரோஜாவைப் பார்த்தேன். சரோஜா பேனாவை மூடினார். விதி எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புளி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சாக்கில் தங்கவேலு கிடந்தார். கண் குழிக்குள் போயிருந்தது. விரல்கள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி சுருங்கியிருந்தன. கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

பொன்னுத்தாய் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, வெளிய சொல்லிராதீக. சொன்னா கடைக்கு சீல் வச்சிருவாக. பக்கத்து ஊருல அரிசி, பருப்பு அம்புட்டையும் குழியில தள்ளி பவுடரைக் கொட்டிட்டாக. இந்தக் கடையை விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு?"

சரோஜா சொன்னார்: "கடை இருக்கும்மா. கல்லாவுல யாரு உக்காருவா?"

பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவரே கணவரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

பஸ் வந்தது. கண்டக்டர் எங்கள் மூவர் மேலும் சாய்ந்து கிடந்த ஆளைப் பார்த்தார். டபுள் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

நல்லவேளையாக, பின்னாலேயே மிளகாய் வத்தல் லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் காசிம் பாய், வத்தல் வியாபாரி. தங்கவேலு கடைக்குச் சரக்குப் போடுகிறவர். இறங்கி வந்து பார்த்தார்.

"ஏலே தங்கம்... என்னலே இப்படிக் கெடக்க?"

டிரைவர் தயங்கினார். "பாய், அது ஒட்டிக்கிற நோவுல்ல?"

"நானும் நீயும் ஊசி போட்டாச்சு. வத்தல் மூட்டைக்கா வாந்திபேதி வரப்போகுது? ஏத்துறா."

அருப்புக்கோட்டை வரை நான் வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்து தும்மிக்கொண்டே போனேன். சரோஜா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கவேலுவின் வாயில் விட்டுக்கொண்டே வந்தார். பொன்னுத்தாய் கணவரின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வழியெல்லாம் என் தும்மல்தான் பேச்சு.

ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்த தங்கவேலு கேட்ட முதல் கேள்வி: "கடையை யாரு பாத்துக்கிறா?"

பிழைத்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

எந்த ஊர் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சரோஜா உண்மையைச் சொன்னார். மறுநாள் ஊருக்குள் ஜீப் வந்தது. கிணற்றில் மருந்து, எல்லோருக்கும் ஊசி, சந்தைக்குத் தடை, கடைக்கு சீல். சொல்லப்போனால் அரசாங்கம் எல்லாவற்றையும் சரியாகவே செய்தது. அந்த ஊரில் யாரும் சாகவில்லை.

ஆனால் ஊரில் யாரும் எங்களோடு பேசவும் இல்லை. கேள்வித்தாளோடு தெருவில் நுழைந்தால் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன.

ஆஸ்பத்திரி வாசலில் பொன்னுத்தாய் சரோஜாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அவுகளக் காப்பாத்திட்டீக. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இனிமே என் வீட்டு வாசலுக்கு வராதீக டீச்சரம்மா."

சரோஜா தலையாட்டினார். மதுரை வரும் வரை பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை எழுதினோம். ரொம்பச் சின்ன அறிக்கை. கடையை மூடச் சொல்லும் அரசாங்கம், மூடிய நாட்களுக்குக் கொஞ்சம் நஷ்ட ஈடும் கொடுத்தால் யாரும் நோயாளியைப் புளி மூட்டைக்குப் பின்னால் ஒளிக்க மாட்டார்கள் — இதுதான் அதன் சாரம். பேட்டி கண்டவர்களின் எண்ணிக்கை போதாது, எனவே மேற்கொண்டு நிதி இல்லை என்று பல்கலைக்கழகம் பதில் போட்டது. விதை போட்டதோடு சரி. அந்தச் சீமை மண்ணின் ராசி, எங்கள் ஆராய்ச்சியும் மழை பொய்த்த மானாவாரி ஆகிவிட்டது.

பேராசிரியர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆளு எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

அது எங்களுக்குமே தெரியாது. ஒரு லீவு நாளில் சொந்தச் செலவில் கிளம்பினோம். வீட்டு வாசலுக்குத்தானே வரக் கூடாது? கடை வாசலுக்குப் போனோம்.

சீல் எடுத்திருந்தார்கள். தங்கவேலு இளைத்துப்போய்க் கல்லாவில் இருந்தார். எல்லாம் புதுச் சரக்கு, காசிம் பாய் ஜாமீன் நின்று டவுனிலிருந்து இறக்கியது. ஆனால் கடையில் ஈ, காக்கை இல்லை. ஜனம் பரளச்சி வரை நடந்து போய் உப்பு வாங்கி வந்தது.

"வாந்திபேதிக் கடைன்னு பேராயிருச்சு சார்" என்றார் தங்கவேலு.

சரோஜா கடலை மிட்டாய் டப்பாவைக் காட்டினார். "நாலு குடுங்க."

வாங்கி, நடுத்தெருவில் வெயிலில் நின்று தின்றார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நானும் தின்றேன். நம்பிக்கையோடு தின்றேன் என்று சொல்ல மாட்டேன்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் கிட்டே வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பொன்னுத்தாய் உள்ளேயிருந்து வந்தார். இரண்டு டம்ளரில் மோர் வைத்துவிட்டுப் போனார். அதையும் குடித்தோம். மத்தியானம் போனது. வெயில் சாய்ந்தது.

எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தார். "அந்த டீச்சரம்மா இன்னும் இருக்காகளா?"

"இருக்காக" என்றார் பொன்னுத்தாய்.

"கூட வந்தவுக?"

"அவுகளும் இருக்காக."

"அப்ப எனக்கு ரெண்டு படி அரிசி போடு. வாரேன்."

நான் பங்கெடுத்த ஆராய்ச்சிகளிலேயே, முடிவு தெரிந்த அன்றே மக்கள் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.